கொழுந்து எடை முடிந்த பிறகு

ஜெகதளா,
10.11.2024

பிரியமுள்ள ஸ்டெபி அக்காவுக்கு,

ஜெகதளாவிலிருந்து பிரைட்டன் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். குளிர் இந்த வருடம் கொஞ்சம் முந்திக்கொண்டது. கோயம்புத்தூரில் நீங்களும் காளிமுத்து அண்ணனும் உங்கள் மியூசிக் பேண்டில் மற்ற எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா முப்பத்தொரு வருடம் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "ஹாய் அக்கா" என்று நான் ஆரம்பித்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஆட்டுக்குட்டியக் கூப்பிடற மாதிரி கூப்பிடற" என்றார். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

புது ஆல்பம் முடியும்வரை இணையப் பக்கங்களை எல்லாம் மூடிவிடுகிறோம், எங்களோடு பேச வேண்டுமானால் கையால் எழுதுங்கள் என்று நீங்கள் அறிவித்ததும் என் சிநேகிதர்கள் "பந்தா" என்றார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம். கமெண்டில் ஆயிரம் பேருக்கு நடுவே நான் எழுதுவதை யார் பார்க்கப்போகிறார்கள்? கடிதம் என்றால் உங்கள் கையில் வந்து நிற்கும்.

'பதினாலாம் வளைவு' என்று உங்கள் பேண்டுக்குப் பெயர் வைத்ததே எங்கள் மலைப்பாதையில் வேன் நின்றுபோனதால்தான் என்று படித்த நாளிலிருந்து நீங்கள் எங்கள் ஊர்க்காரர்கள். 'ஈர விறகு' ஆல்பத்தை எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நாலாவது பாட்டில் உங்கள் கையிலிருந்து டிரம்ஸ் குச்சி நழுவி விழுகிற சத்தம் கேட்கிறது. அதை நீங்கள் வெட்டி எடுக்கவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும். தப்பு செய்தவர்களுக்கும் இடம் உண்டு என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கும்.

'சங்கு ஊதும் நேரம்' என்று புது ஆல்பத்துக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் மில் சங்கு. எங்களுக்கு ஃபேக்டரி சங்கு. கடைசிப் பாட்டின் முதல் இரண்டு வரிகளைத் தாளத்தோடு பாடிக் காட்டி, கோரஸுக்கு ரசிகர்கள் குரல் அனுப்பலாம் என்று சொன்னீர்கள் அல்லவா, பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். தேயிலை ஃபேக்டரியில், கொழுந்தை உருட்டி நசுக்குகிற ரோலர் மிஷின் பக்கத்தில் நின்று பாடியது. அந்த மிஷின் சுற்றுகிற வேகமும் உங்கள் தாளமும் ஒன்று. நம்பாவிட்டால் தட்டிப் பாருங்கள்.

பதில் வரும் என்று காத்திருக்கும்,
பிரைட்டன் மோசஸ்


கோயம்புத்தூர்,
16.12.2024

அன்புத் தம்பி பிரைட்டன்,

நாங்கள் எல்லோரும் நலம். காளிமுத்துவுக்குத்தான் தொண்டைக் கட்டு. பாடுகிறவனுக்கு அதுதான் வரும். அப்பாவுக்கு என் வணக்கம் சொல். ஆட்டுக்குட்டியை நான்கு பேரும் படித்துச் சிரித்தோம்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வந்த நானூறு கடிதங்களுக்கும் நான் ஒருத்திதான் பதில் எழுதுகிறேன். ஆனால் உன் பென் டிரைவை மட்டும் அன்றைக்கே கேட்டோம். தட்டியும் பார்த்தேன். நீ சொன்னது சரி.

பாடி முடித்ததும் அணைக்க மறந்து, "நல்லா இல்லீன்னா எடுத்துருங்கக்கா" என்று சொல்கிறாயே, அதுவும் பதிவாகியிருக்கிறது. காளிமுத்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். உன்னைக் கோரஸில் சேர்ப்பதாக இல்லை. கடைசிப் பாட்டின் முதல் இரண்டு வரிகளை நீ தனியாகப் பாட வேண்டும். மார்ச் 8, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு இங்கே ஒலிப்பதிவு. வருகிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

எதிர்பார்ப்போடு,
ஸ்டெபி அக்கா


ஜெகதளா,
24.12.2024

மதிப்பிற்குரிய ஸ்டெபி அவர்களுக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். நான் பிரைட்டனின் தகப்பனார் மோசஸ். தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். தங்கள் வீட்டாரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் 16ஆம் தேதி எழுதிய கடிதம் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கிடைத்தது. பிரைட்டன் அப்போது வேலைக்குப் போயிருந்தான். பிரித்துப் படித்தேன். தங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அதை அவனிடம் இன்னும் கொடுக்கவில்லை. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

தவறாக எண்ண வேண்டாம். பிப்ரவரி 10ஆம் தேதி அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் நிரந்தர சூப்பர்வைசர் வேலைக்கு நேர்காணல். இப்போது இருப்பது தற்காலிக வேலை. அவன் தாய் மெட்டில்டா இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்குப் பின் அவனுக்கு யார்? தங்கள் கடிதம் கையில் கிடைத்தால் பையன் மலை இறங்கிவிடுவான், புத்தகத்தைத் தொட மாட்டான்.

எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தபாலோ தந்தியோ காலையில் வந்தாலும், மாலையில் கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகுதான் ஆட்களிடம் கொடுப்போம். காட்டு நடுவே கொடுத்தால் அரை நாள் கூலி போய்விடும், மனசும் கெடும். சின்னம்மை என்று ஓர் அம்மாள், சிலோனிலிருந்து வந்த குடும்பம். அவள் தாயார் இறந்த தந்தி காலை ஒன்பதுக்கு வந்தது. ஐந்து மணிக்குக் கொடுத்தேன். அழுதாள், ஆனால் அன்றைய கூலி அவளுக்குக் குறையவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை.

ஆகையால் நேர்காணல் முடியும்வரை அவனுக்கு எழுதாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதுவதானால் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கு எழுதவும், போய் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மோசஸ்


கோயம்புத்தூர்,
6.1.2025

ஐயா,

வணக்கம். புத்தாண்டு உங்கள் இருவருக்கும் நல்லதாக அமைய வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன பதில் எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். நிரந்தர வேலையின் அருமை எனக்கும் தெரியும். என் அப்பா மில் மூடியபோது வேலை இழந்தவர். அதனால் சரி என்கிறேன். நேர்காணல் முடியும்வரை நான் அவனுக்கு எழுதவில்லை. ஆனால் பிப்ரவரி பத்தாம் தேதி சாயங்காலமே கடிதத்தை அவனிடம் கொடுத்துவிடுங்கள். காத்திருக்கிற பிள்ளை அவன்.

மரியாதையுடன்,
ஸ்டெபி


ஜெகதளா,
20.1.2025

பிரியமுள்ள ஸ்டெபி அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? காளிமுத்து அண்ணனின் தொண்டை எப்படி இருக்கிறது? பனிக்காலத்தில் அவருக்குக் கட்டிக்கொள்ளும் என்று ஒரு பேட்டியில் படித்ததால் கேட்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

என் கடிதம் கிடைத்ததா, வழியில் எங்கேயாவது மாட்டிக்கொண்டதா தெரியவில்லை. நிறையப் பேர் எழுதுவார்கள், மெதுவாகவே பதில் போடுங்கள். நான் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை.

போன வாரம் ஆல்பத்தின் முதல் பாட்டை வெளியிட்டீர்கள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. தேயிலைக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால்தான் கிடைக்கும். காலையிலேயே ஏறி உட்கார்ந்து கேட்டேன். இரண்டு நிமிடம் வரைக்கும் நீங்கள் வாசிக்கவே இல்லை. கிட்டார் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அக்காவைக் காணோமே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் நீங்கள் உள்ளே வந்தீர்கள். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். பதினேழு முறை கேட்டேன். போனில் சார்ஜ் தீர்ந்த பிறகுதான் இறங்கினேன்.

ஃபேக்டரியில் உறைபனியால் கொழுந்து வரத்து குறைவு. அதனால் எனக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. அடுத்த மாதம் ஒரு நேர்காணல் இருக்கிறது. அப்பா அதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

கோரஸுக்கு என் குரல் சரிப்படுமா என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் தம்பி,
பிரைட்டன்


ஜெகதளா,
14.2.2025

மகள் ஸ்டெபிக்கு,

சுகம். தங்கள் சுகம் அறிய விரும்புகிறேன்.

பிப்ரவரி 10ஆம் தேதி நடக்கவேண்டிய நேர்காணலை மார்ச் 25ஆம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. ஆகவே அதுவரை பொறுக்க வேண்டுகிறேன். மார்ச் 8ஆம் தேதி தங்களுக்கு முக்கியம் என்று தெரியும். பாட்டு இன்னொன்று வரும், அம்மிணி. வேலை ஒரு தரம்தான் வரும்.

பையன் கொஞ்சம் அமைதியாக இருக்கிறான். படிக்கிறான் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
மோசஸ்


கோயம்புத்தூர்,
20.2.2025

ஐயா,

நலமா என்று கேட்டுவிட்டு மற்றதை எழுத வேண்டும் என்பது உங்கள் சட்டம். நலமாக இருங்கள். நான் நலமாக இல்லை.

அவன் இரண்டாவது கடிதம் என் மேஜையில் கிடக்கிறது. ஒரு வரி போதும் என்று கேட்கிறான். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் அந்த ஒரு வரிதான் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் கை கட்டிக்கொண்டிருக்கிறேன். செய்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். மார்ச் எட்டு ஒரே ஒரு நாள். பாடிவிட்டு அன்றைக்கே திரும்பிப் படிக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் நானே ஏற்றிவிடுகிறேன்.

பதில் எழுதுங்கள் ஐயா.

ஸ்டெபி


ஜெகதளா,
12.3.2025

ஸ்டெபி அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

குன்னூரில் ஸ்வேதா என்று ஒரு பெண், என்னோடு பள்ளியில் படித்தவள். எட்டாம் தேதி உங்கள் ஒலிப்பதிவுக்கு வந்து கோரஸில் பாடியிருக்கிறாள். போட்டோ காட்டினாள். நீங்கள் எழுதிய பதிலையும் காட்டினாள். உங்கள் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் நினைத்துவைத்திருந்தது வேறு மாதிரி.

எனக்குக் கோபம் இல்லை அக்கா. நன்றாக இருந்தால் எடுத்திருப்பீர்கள். மிஷின் சத்தத்தில் பாடியதை யார் கேட்பார்கள்? அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். ஜனவரி ஐந்தாம் தேதியே ஃபேக்டரியில் என்னை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாது. தினமும் ஏழு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறேன். பாறையில் உட்கார்ந்திருந்துவிட்டு சங்கு ஊதியதும் வீட்டுக்கு வருகிறேன். "வேலை எப்படிடா?" என்பார். "நல்லாப் போகுதுங்கப்பா" என்பேன். என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார். அதைச் சாப்பிடத்தான் முடிவதில்லை.

இரண்டு மாதமாக என்னை நிமிர்த்தி உட்காரவைத்தது தபால்காரர் வருகிற பதினோரு மணிதான். எங்கள் வீட்டுப் பாதையில் அவர் திரும்புகிறாரா என்று மேலேயிருந்து பார்ப்பேன். சில நாள் திரும்புவார். வீட்டுக்குப் போய், "தபால் ஏதாச்சும் வந்துச்சுங்களாப்பா?" என்று கேட்டால், "பேங்குக் கடுதாசி" என்பார்.

நான் வாசித்துக்கொண்டிருந்த கிட்டாரை நேற்று ஒரு சிநேகிதனுக்குக் கொடுத்துவிட்டேன். நேர்காணலிலும் என்னை எடுக்க மாட்டார்கள், எனக்குத் தெரிகிறது. எதற்கும் ஆகாதவன் என்று முன்பெல்லாம் எப்போதாவது தோன்றும். இப்போது காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் வருகிறது.

ஆல்பம் நன்றாக வர வேண்டும். பதில் வேண்டாம். இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.

பிரைட்டன்


கோயம்புத்தூர்,
17.3.2025
(பதிவுத் தபால்)

பிரைட்டன் தம்பி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. உடனே எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிறதெல்லாம் அப்புறம்.

டிசம்பரிலேயே உனக்குப் பதில் எழுதினேன். அது உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன்னிடம் ஏன் கொடுக்கவில்லை என்று அப்பாவிடம் கேள். அவர் மேல் கோபப்படாதே. தெரிந்துகொண்டு சும்மா இருந்தேனே, என் மேல் கோபப்படு.

உன் குரல் பாட்டில் இருக்கிறது. எட்டாம் தேதி நீ வரவில்லை என்றதும் காளிமுத்து அந்த இரண்டு வரிகளை வேறு யாரையும் பாடவிடவில்லை. நீ அனுப்பியதையே வைத்துவிட்டோம். முதலில் ரோலர் மிஷின், பிறகு நீ, பிறகுதான் நாங்கள். "நல்லா இல்லீன்னா எடுத்துருங்கக்கா" என்பதும் இருக்கிறது. எடுக்கவில்லை. குச்சி விழுந்ததை எடுக்காத மாதிரியே.

வேலை போனால் போகிறது. அப்பாவிடம் சொல்லிவிடு. சொல்ல முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், கூட இருந்து சொல்வோம். அதுவரை பாறைக்குப் போகாதே. வீட்டிலேயே இரு.

ஸ்டெபி அக்கா


ஜெகதளா,
9.4.2025

மகள் ஸ்டெபிக்கு,

அன்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எழுதத்தான் எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனான். சங்கு ஊதியது, வரவில்லை. ஃபேக்டரிக்குப் போய்க் கேட்டேன். "அவன் ஜனவரியிலிருந்தே வர்றதில்லீங்களே" என்றார்கள். இருபதாம் தேதி காலை எட்டு மணிக்குப் பாறைக்குக் கீழே அவனைப் பார்த்ததாக ஆட்கள் வந்து சொன்னார்கள். டிபன் பாக்ஸ் மேலே பாறையில் மூடியபடி இருந்தது. எலுமிச்சஞ் சோறு கட்டியிருந்தேன்.

அன்று பதினோரு மணிக்குத் தபால்காரர் மரியஅந்தோணி உங்கள் பதிவுத் தபாலோடு வந்தார். வாசலில் கூட்டம் நிற்கிறது. அவருக்கு விஷயம் தெரியாது. "பிரைட்டன் கையெழுத்துப் போடோணுங்க" என்றார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி டிராயரில் வைத்தேன்.

பனிமூட்டத்தில் கால் தவறியதாகப் போலீசார் எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அன்றைக்குப் பனிமூட்டம் இல்லை, அம்மிணி. முப்பத்தொரு வருடம் தினமும் ஆபீஸ் டயரியில் வானிலை எழுதியவன் நான். மூன்று நாளும் வானம் சுத்தமாக இருந்தது.

சின்னம்மையைப் பற்றி உங்களுக்கு எழுதினேன் அல்லவா? அதில் ஒன்றை விட்டுவிட்டேன். தந்தியை வாங்கிக்கொண்டு, "எப்ப வந்திச்சுங்கையா?" என்று கேட்டாள். "இப்பத்தான்" என்று சொன்னேன். கடைசி பஸ் போய்விட்டிருந்தது. தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அந்த அம்மாள் பிரைட்டனின் அடக்கத்துக்கு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவுக்கு எப்ப சேதி வந்திச்சு?" என்றாள். குத்திக்காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். காலை எட்டு மணிக்கு என்றேன். எனக்கு வந்த சேதியை யாரும் நிறுத்திவைக்கவில்லை.

"தபால் ஏதாச்சும் வந்துச்சுங்களாப்பா" என்று என் எதிரில் நின்று எத்தனை நாள் கேட்டான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. என் பிள்ளையை நான்தான் கொன்றேன். ஊரில் யாரும் இதைச் சொல்லவிட மாட்டேன் என்கிறார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

மோசஸ்


கோயம்புத்தூர்,
28.7.2025

ஐயா,

சாப்பிடுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்காவது போகிறீர்களா?

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் தனியாகச் செய்யவில்லை. நானும் சரி என்றேன். அவன் ஒரு வரி கேட்டான், நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆல்பம் வந்துவிட்டது. முதல் பிரதியை அனுப்பியிருக்கிறேன். உறையில் என்ன பெயர் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். அவன் பெயரைத்தான் எழுதினேன். வேறு பெயர் எழுதக் கை வரவில்லை. தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெபி


ஜெகதளா,
6.8.2025

மகள் ஸ்டெபிக்கு,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்க அளவு பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

பார்சல் இன்று வந்தது. மரியஅந்தோணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயரைப் படித்துவிட்டுக் கொடுக்கத் தயங்கினார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரிக்கவில்லை. அது எனக்கு வந்த தபால் இல்லை.

மணி பதினொன்றே கால். நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். டிராயரைத் திறந்து உங்கள் டிசம்பர் கடிதத்தையும், மார்ச் மாதப் பதிவுத் தபாலையும் எடுத்துக்கொண்டேன். முதலில் வந்ததை முதலில் கொடுக்க வேண்டும் அல்லவா? பதினொன்றே முக்காலுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன். மெட்டில்டா பக்கத்தில்தான் அவனையும் வைத்திருக்கிறோம். இன்னும் சிலுவை நடவில்லை, மண் இறங்க வேண்டுமாம்.

டிசம்பர் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ஆட்டுக்குட்டி இடம் வந்தபோது நிறுத்திக்கொண்டேன், பிறகு படித்தேன். பதிவுத் தபாலையும் படித்தேன். அப்புறம்தான் பார்சலைப் பிரித்தேன். அட்டையில் அவன் பெயர் எல்லோருக்கும் மேலே இருக்கிறது. அதையும் படித்துக் காட்டினேன்.

பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. அந்த இசைத்தட்டைப் போட வீட்டில் ஒன்றும் இல்லை. போனிலேயே வரும் என்று ஸ்வேதா சொன்னாள். சிக்னல் அந்தப் பாறையில்தான் கிடைக்கும். அங்கே ஏற எனக்குக் கால் வராது.

சின்னம்மை கேட்ட கேள்வியை அவன் கேட்கவில்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது. கேட்காமலே நான் சொன்னேன்.

"டிசம்பர் இருபதாந்தேதி வந்துச்சுடா பிரைட்டா. வெள்ளிக்கெழம. பகல் பதினோரு மணிக்கு."

மோசஸ்